மூன்று பெல்

தொண்ணூறுகளில் பிசியோதெரபி படித்து முடித்துப் பாறசாலைக்குத் திரும்பியபோது ஊர் எனக்குக் கொடுத்த பட்டம் ‘எண்ணெய் இல்லாத உழிச்சில்காரி’. உழிச்சில் என்றால் எண்ணெய் தேய்த்து உடம்பை நீவிவிடுவது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, “எண்ணெ கொண்டு வரல்லியா மக்கா?” என்பதுதான். எலும்பு, தசை என்று விளக்கத் தொடங்கினால் பாதியிலேயே சாயா வந்துவிடும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சாயாவை மட்டும் மிச்சம் வைத்ததில்லை.

தனுவச்சபுரத்தில் ஒரு அரசு பஸ் கண்டக்டர். வலது தோள் இறுகி, கை மேலே எழும்பவில்லை. பஸ்ஸில் அவருடைய இடது கை டிக்கெட் கட்டுகள் செருகிய ராக்கைப் பிடித்திருக்கும்; தலைக்கு மேலே ஓடும் பெல் கயிற்றை வலது கைதான் இழுக்க வேண்டும். லீவு முடிவதற்குள் சரியாகாவிட்டால் டிப்போவில் காகிதம் அடுக்க உட்கார்த்திவிடுவார்கள்.

“இருவது வருசமா வண்டிய நிறுத்தினதும் விட்டதும் நானாக்கும்,” என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் பாவமாக இருந்தது.

அவர் வீட்டு உள்ளறை உத்தரத்தில் ஓர் ஆட்டுமணியைக் கட்டி, கயிறு தொங்கவிட்டேன். தினமும் கையை உயர்த்தி ஐம்பது தடவை இழுக்க வேண்டும். கை ஏற ஏறக் கயிற்றின் நீளத்தைக் குறைப்பேன். என்னைப் போல ஒரு சின்னப் பெண் முன்னால் வலியில் முனங்க அவருக்கு வெட்கம். அதனால் நான் முன்னறையில் சாயாவோடு உட்கார்ந்து மணியை எண்ணுவேன். அதையும் அவர் பஸ் கணக்கில் ஒன்றும் இரண்டுமாகத்தான் அடித்தார்: ஒன்று என்றால் வண்டி நிற்க, இரண்டு என்றால் போக.

முதல் வாரம் கை கொஞ்சம் ஏறியது. இரண்டாம் வாரம் மணி குறையாமல் கேட்டது, கை நின்ற இடத்திலேயே நின்றது. படித்த படிப்பின் மீதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அப்புறம் ஒருநாள் சேர்ந்தாற்போல் மூன்று மணி கேட்டது. இருபது வருடக் கண்டக்டர் தூக்கத்தில்கூட மூன்று அடிக்கமாட்டார். எழுந்துபோய்க் கதவைத் தள்ளினேன். அவர் கட்டிலில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் கரண்டியோடு அவர் மனைவி மணியடித்துக்கொண்டிருந்தார்.

“அவிய முனங்குதத கேக்க முடியல்ல மக்கா. அம்பது தெகைஞ்சா போராதா? ஆரு அடிச்சா என்ன?”

“அப்ப டூட்டிக்கும் நீங்களே போங்க மாமி,” என்று கத்தினேன்.

மறுநாளிலிருந்து நான் உள்ளறையிலேயே உட்கார்ந்தேன். கண்டக்டர் முனங்கினார், மலையாளத்தில் ஏசினார். யாரை என்று நான் கேட்கவில்லை. மாமி அடுக்களையில் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்.

சில மாதம் கழித்து, நெய்யாற்றின்கரை போகப் பாறசாலை ஸ்டாப்புக்கு மூச்சிரைக்க ஓடினேன். பஸ்ஸின் பின்வாசலில் அவர். நான் கம்பியைப் பிடிப்பதற்குள் அவருடைய வலது கை கூரை வரை நேராக எழும்பியது. இரண்டு பெல். வண்டி போய்விட்டது.

அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். கோபமே வரவில்லை.