இத்தா வீட்டில் சோப்பு மணம்

என் கணவர் இறந்த வாரத்திலேயே வீட்டில் ஒரு பஞ்சாயத்து கூடிவிட்டது. குற்றவாளி, பின்னறையில் மரத்தட்டில் காய்ந்துகொண்டிருந்த சோப்பு.

புருஷனை இழந்து நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கும் பெண் வாசனை பூசக் கூடாது, நகை போடக் கூடாது, வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். யாரும் சொல்வதற்கு முன்பே வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டேன். குளிக்க, தைலம் சேர்க்காத வெறும் தேங்காயெண்ணெய் சோப்பை எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த மனிதருக்காக இன்னும் எத்தனை மாதம் வேண்டுமானாலும் அப்படியே இருப்பேன். ஆனால் துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சினார்கள். எலுமிச்சைப்புல் தைலமும் கிராம்புத் தைலமும் கருவடிக்குப்பத்தில் எங்கள் தெரு முனை வரைக்கும் போய் அவர்களை வரவேற்றிருக்கும் போல.

கணவரின் அக்கா, என் நாத்தனார், முதலில் ஆரம்பித்தார்.

"என்னா இது, மௌத்து வூடு மாதிரியா இருக்கு? கல்யாண வூடு மாதிரி மணக்குது. பாக்குறவங்க என்னா பேசுவாங்க?"

"நான் பூசலையே மதினி. அது பாட்டுக்குக் காயுது."

"பூசுனா என்னா, வச்சிருந்தா என்னா? மூக்குக்குப் போவுதுல்ல? மாடில கொண்டுபோய் வை."

"வாசன பூசக் கூடாதுன்னுதான் சொல்லிருக்கு. சோறு திங்கக் கூடாதுன்னு எங்கயும் சொல்லல."

வாய்க்கொழுப்பு என்றார்கள். இருக்கட்டும்.

சோப்பு என் தொழில். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைப்பது நான். தண்ணீரை அதன்மேல் ஊற்றினால் பொங்கி முகத்தில் அடிக்கும். எண்ணெயோடு சேர்த்துக் கடைவதும், தோசைமாவுப் பதம் வந்ததும் தைலம் விட்டு அச்சில் ஊற்றுவதும் நான்தான். மறுநாள் அறுப்பது மட்டும் அவர். கடை வேலை முடிந்து வந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தியோடு உட்கார்ந்துவிடுவார். இடது கைக்காரர். எப்படி அறுத்தாலும் ஒரு பக்கம் சரிந்துதான் நிற்கும். திட்டுவேன். "லாஸ்பேட்டை காலேஜ் பொண்ணுங்க ஸ்கேல் வச்சா பாக்கப் போறாங்க?" என்பார். அவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பார். கோணலைப் பற்றி ஒருத்தியும் கேட்டதில்லை. இப்போது பின்னறையில் இருந்த தட்டு, அவர் கடைசியாக அறுத்தது. அறுத்து அடுக்கிவிட்டுத்தான் நெஞ்சு வலிக்கிறது என்றார்.

அதைத்தான் மாடிக்குத் தூக்கச் சொன்னார்கள். வெயிலில் வாசனை பறந்துவிடும், மேலெல்லாம் வெடிக்கும். மழை வந்தால் கரைந்தே போகும். 'அவர் அறுத்தது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லோரும் அழுதுவிட்டு என்னை விட்டிருப்பார்கள். சொல்லப் பிடிக்கவில்லை. என் சோறு என்று சொன்னது போதாதா? என் வீட்டில் என் பிழைப்பு நடக்க நான் எதற்கு மற்றவர்களிடம் இரக்கம் வாங்க வேண்டும்?

சாயங்காலம் கணவரின் அண்ணன் வந்தார். இத்தாவில் நான் அவர் முன்னால் வரக் கூடாது என்பதால் படுக்கையறை வாசலில் திரை போட்டிருந்தோம். அதற்கு அந்தப் பக்கம் நின்று பேசினார்.

"ஏம்மா, நாலு பேரு வந்துபோற வூடு. நானே தூக்கி மாடில வச்சுட்டுப் போறேன்."

"தொடாதீங்க மச்சான்."

"என்னா பேச்சு இது?"

"என் பொருளு. நான் சொல்ற எடத்துலதான் இருக்கும்."

அவர் பின்னறைக்குப் போகும் சத்தம் கேட்டது. தட்டை இழுக்கும் சத்தமும் கேட்டது. எழுந்து திரையில் கை வைத்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் இத்தாவும் திரையும் எனக்கு நினைவிருந்திருக்காது, போய் அவர் கையைப் பிடித்திருப்பேன். ஆனால் சத்தம் நின்றுவிட்டது.

மறுபடி திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"இது தம்பி அறுத்ததா?"

"ஆமா."

"சின்ன வயசுல அல்வா அறுத்தாலும் இப்புடித்தாம்மா. கோணக்கமாணன்னு." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "எனக்கு ஒண்ணு குடு."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டே சொன்னேன்.

"இப்பத் தர முடியாது மச்சான். பச்ச சோப்பு, கைய அரிச்சுடும். ஒரு மாசத்துக்கு மேல காயணும். இதே ரூம்ல, இதே தட்டுல. காஞ்சதும் தரேன்."

அவர் கூடத்துக்குப் போனார். அங்கே உட்கார்ந்திருந்தவர்களிடம், "அது அங்கயே காயட்டும். யாரும் கைய வைக்காதீங்க" என்றார்.

"அப்ப இந்த வாசன?" என்று கேட்டார் நாத்தனார்.

உள்ளிருந்து நான்தான் சொன்னேன்.

"மணக்கும் மதினி. நாளைக்கு அடுத்த அச்சு ஊத்தப் போறேன். இன்னும் நல்லா மணக்கும்."