தனி வக்காலத்து

பெரியவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. நீராவி கக்கும் இஸ்திரி மெஷினுக்கு முன்னால் நின்று நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிப்பாள். சின்னவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஏசி அறையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் மூக்கில் ஃபிரேமை வைத்து, எடுப்பாக இருக்கிறது என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், மாதம் பிறந்தால் சம்பளம். பெரியவளைக் கேட்டால் இப்படித்தான் சொல்வாள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் கீழும் மேலுமாகக் குடியிருந்த ஓரகத்திகள் இருவரும்.

பெரியவள் கெட்டவள் இல்லை. தெருவில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதல் ஆளாக ஓடுவாள். சின்னவள் என்று வந்துவிட்டால் மட்டும் வயிறு எரியும். வீட்டுச் சொந்தக்காரர் வாடகையை ஏற்றினால் பேசிக் குறைப்பவள் சின்னவள். தண்ணீர் லாரிக்காரன் நிற்பதும் அவள் குரலுக்குத்தான். போதாக்குறைக்குப் பெரியவளின் புருஷனே, எதையும் எப்படிப் பேச வேண்டும் என்று அவளிடம் கற்றுக்கொள் என்று ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில் சொல்லித் தொலைத்தான். அன்றைக்கு அவனுக்கு மறுசோறு கிடைக்கவில்லை.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து கார் ரிப்பேர் ஷெட் நடத்தினார்கள். வண்டி நிறுத்தும் இடத்துக்காகப் பக்கத்துக் கடைக்காரனோடு தகராறு முற்றி, கைகலப்பில் அவன் கால் முறிந்தது. இருவருக்கும் சிறைத் தண்டனை விழுந்தது. அவர்களுடைய வக்கீல் வயதானவர். தொண்டையைச் செருமாமல் ஒரு வாக்கியம் பேச மாட்டார். மேல்முறையீடு செய்தால் ஜாமீனில் எடுத்துவிடலாம், கெடு மட்டும் தாண்டக் கூடாது, இருவருக்கும் சேர்த்து ஒரே மனுவாகப் போட்டுவிடலாம் என்றார். அத்தனையையும் சின்னவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். பெரியவள் ஒருத்தி பக்கத்தில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் படவே இல்லை.

மறுநாள் பெரியவள் தனியாகப் போனாள். தன் வீட்டுக்காரருக்குத் தனி மனு, தனி வக்காலத்து. பேச்செல்லாம் தன்னோடு மட்டும். மாடி வீட்டுக்கு எதுவும் தெரியக் கூடாது என்றாள். வக்கீல் செருமிவிட்டு, உங்கள் இஷ்டம் என்றார். தானே கூப்பிடுவதாகவும் வீணாக அலைய வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார். சிறையில் புருஷனிடம் கையெழுத்து வாங்கும்போது, வக்கீலே இப்படித்தான் செய்யச் சொன்னார் என்று கூசாமல் புளுகினாள். மனுக்களை எழுதி முடிக்கும் முன்பே வக்கீல் ஒரு காலையில் குளியலறையில் விழுந்து இறந்துபோனார்.

இது பெரியவளுக்குத் தெரியாது. போன் போட்டாள், மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. வேலையாக இருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். சின்னவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தச் சமயம் பார்த்து ஒரு சாயங்காலம் சின்னவள் மாடியிலிருந்து இறங்கி வந்து கதவைத் தட்டினாள். ஜன்னல் இடுக்கில் பார்த்தால் தோளில் புதுக் கைப்பை. பீற்றிக்கொள்ள வந்திருக்கிறாள் என்று பெரியவள் விளக்கை அணைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து மறுபடி தட்டினாள். பெரியவள் டிவி சத்தத்தைக் கூட்டினாள். சின்னவளும் ரோஷக்காரிதான், அப்புறம் வரவில்லை.

ஒருநாள் காலையில் மாடிப்படியில் ஆம்பிளைச் செருப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் கொழுந்தன்! இளைத்துப்போயிருந்தான், அவளைப் பார்த்துச் சிரித்தான். பெரியவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் புருஷன் வந்துவிட்டான், என் புருஷன் வரவில்லை என்று நெஞ்சு காந்தியது. உங்கள் அண்ணனை மட்டும் வக்கீல் எப்போது எடுப்பாராம் என்று வெடுக்கென்று கேட்டாள்.

"எந்த வக்கீல் அண்ணி? அவர் செத்துப்போய் எத்தனை நாளாச்சு. நாங்க வேற ஆள் வச்சோம். உங்களுது தனின்னு அவர் இருக்கும்போதே சொன்னதால, நீங்களும் யாரையாவது பார்த்திருப்பீங்கன்னு நினைச்சோம்."

கெடு தாண்டிவிட்டிருந்தது. பெரியவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தன் கையாலேயே புருஷனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

புது வக்கீலிடம் அவளை அழைத்துப் போனதும் சின்னவள்தான். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம் என்றார் அவர். ஆனால் ஒரே வீட்டில் தம்பி மனைவிக்குத் தெரிந்தது அண்ணன் மனைவிக்கு எப்படித் தெரியாமல் போனது என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளுமே, அதற்கு என்ன பதில் என்று கேட்டார்.

"எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லை சார். எனக்குத் தெரியும், நான்தான் சொல்லலை. அப்படியே எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்" என்றாள் சின்னவள்.

வெளியே வந்ததும், ஏன் அப்படிச் சொன்னாய் என்று பெரியவள் கேட்டாள். மாமா வெளியே வரவேண்டாமா அக்கா, மூன்றாம் தடவை வந்து தட்டாதது என் தப்புதானே என்றாள் சின்னவள். கையைப் பிடித்துக் கும்பிட்டிருக்க வேண்டும். பெரியவளுக்கோ, பழியைச் சுமப்பதைக்கூட இவள் எவ்வளவு லட்சணமாகச் செய்கிறாள் என்று எரிந்தது.

நீதிபதி தாமதத்தை மன்னித்தார். மேல்முறையீடு எடுத்துக்கொள்ளப்பட்டது. ஜாமீனுக்கு முந்தின வாரம் பெரியவள் சிறைக்குப் போனாள். சின்னவள் மறைத்துவிட்டாள் என்று புருஷன் நம்பிக்கொண்டிருப்பான். அவள் பெயர் அவனிடம் கெட வேண்டும் என்று எத்தனை வருஷமாக ஏங்கியிருக்கிறாள். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்ததில் அதைவிடப் பெரிதாக ஒன்று பிடிபட்டது. உண்மையைத் தானே சொல்லிவிட்டால்? இந்த ஒன்றிலாவது அவளைவிட உசந்துவிடலாம். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனாள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் வந்து உட்கார்ந்ததும் மூச்சுவிடாமல் கொட்டினாள். "அவ மறைக்கலைங்க. ரெண்டு தடவை வந்து தட்டினா. நான்தான் திறக்கலை. பொறாமை."

அவன் தலையைச் சொறிந்தான்.

"தெரியும். போன வாரம் தம்பியோட வந்தப்பவே சொல்லிட்டா. அக்காவே வந்து சொல்வாங்க, அப்ப அவங்களைத் திட்டிடாதீங்க மாமான்னு கேட்டுக்கிட்டுப் போனா."

பெரியவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அவன் வலையில் விரலை வைத்து, அழாதே, நீ நல்லவள் என்று எனக்குத் தெரியாதா என்று தேற்றினான். வயிற்றெரிச்சலில் அழுகிறாள் என்று அவன் எங்கே கண்டான்? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள்.