அத்தைக்கு மிஞ்சின ஒத்தைச் சொல்

எனக்கு எண்பத்தேழு வயது நடக்கிறது. ஏழு பெற்றேன், ஐந்தை வளர்த்து ஆளாக்கினேன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். ஒரு பக்கம் முடிக்க ஒரு பகல் போகிறது. ஆனாலும் நான் சொல்லி இன்னொருத்தர் எழுத விடமாட்டேன். விட்டால் எனக்கு ரெண்டு நல்ல குணத்தைச் சேர்த்து எழுதிவிடுவார்கள்.

போன மாதம் பேரன் கல்யாணத்துக்கு விருதுநகரிலிருந்து என் ஓரகத்தி வந்தாள். என் கொழுந்தன் பெண்டாட்டி. கல்யாணம் முடிந்து இருபது நாள் ஆகிறது, முழங்கால் வலி என்று இன்னும் இங்கனதான் இருக்கிறாள். வந்த இடத்தில் புதுப்பெண்ணை உட்காரவைத்து, அறுபது வருசமாகச் சொல்கிற கதையைத் திரும்பவும் சொன்னாள்.

“எங்க மாமியா கை கால் விழுந்து நாலு வருசம் கெடந்தாக. வாயில வேற பேச்சே கெடையாது. சின்னவளே, சின்னவளேன்னு என்னையத்தான் கூப்பிட்டுக்கிட்டே போய்ச் சேந்தாக.”

புதுப்பெண் கண்ணைத் துடைத்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்த என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நாலு வருசமும் மாமியாரைத் தூக்கித் துடைத்தது நான்.

அவள் எனக்கு மாமியாராவதற்கு முன்னால் அத்தை. அப்பாவின் அக்கா. நான் பால் மறக்கும் முன்னே என் அம்மா போய்விட்டாள். அத்தைதான் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு சிவகாசிப் பக்கம் தன் ஊருக்கு வந்தாள். வளர்ந்ததும் மூத்த மகனுக்கே கட்டிவைத்தாள். வீடு மாறாமல் கல்யாணம் ஆனவள் நான். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மரப்பட்டையும் நீலத்தாளும் வாங்கிவந்து பெட்டி ஒட்டுவோம். வேகத்தில் அத்தைக்கு அடுத்து என் கை, என் கைக்கு அடுத்துத்தான் மற்றவர்கள். அத்தை என்னை “ஏத்தா” என்று கூப்பிடுவாள். நான் அவளை “நீ, வா, போ” என்றுதான் பேசுவேன். தாயிடம் பேசுகிற மாதிரி.

பிறகு கொழுந்தனுக்குச் சாத்தூர்ப் பக்கம் உறவில்லாத அசலில் பெண் எடுத்தார்கள். எட்டாவது படித்தவள், நல்ல சிவப்பு. வந்த அன்றைக்கே “சாப்பிட்டீகளா அத்தை, செத்த உக்காருங்க அத்தை” என்று வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. அத்தை முகத்தில் பூ பூத்துவிட்டது. ரெண்டு மருமகள்களைக் கூப்பிடத் தோதாக இருக்கட்டும் என்று அவளைச் “சின்னவளே” என்றாள், என்னைப் “பெரியவளே” என்றாள். ஏற்கெனவே ஒரு தடவை பெரியவளானவள், அன்றைக்கு இரண்டாம் தடவை ஆனேன். அதற்கப்புறம் “ஏத்தா” என்ற கூப்பாடு எனக்குக் கிடைக்கவில்லை.

கொழுந்தனுக்கு விருதுநகரில் மல்லி, வத்தல் மண்டியில் வேலை. அங்கனயே வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். நயா பைசா வந்து ரெண்டு மூணு வருசம் கழித்து ஒரு ஐப்பசி மாதம், ஊருக்கு வந்திருந்தவர்கள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் கிணற்றுக்குத் தண்ணீருக்குப் போயிருந்தேன். பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அத்தை, முருங்கைக்காய் எடுத்துக்கொண்டு போகச் சொல்ல வாய் திறந்தாளாம். “சின்னவளே” என்றாளாம். அதோடு கை பசைச்சட்டிக்குள் விழுந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நான் குடத்தோடு வாசலில் ஏறும்போது அத்தை தலை ஓரகத்தி மடியில் இருந்தது.

பக்கவாதம் என்றார்கள். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ஒரு மாதம் பேச்சில்லை. பிறகு ஒரு நாள் நான் கஞ்சி ஊட்டும்போது வாயைக் கோணிக்கொண்டு சொன்னாள்:

“சின்னவளே.”

கரண்டியை அப்படியே கீழே வைத்தேன்.

அதிலிருந்து அதே பேச்சுத்தான். என் வீட்டுக்காரர் பட்டாசு செய்கிற பயராபீஸில் வேலை, சீசன் வந்தால் ஞாயிற்றுக்கிழமைகூடக் கிடையாது. அதனால் எல்லாம் என் கைதான். விடிந்ததும் பீத்துணி அலசி, வேப்பிலை போட்டு வெந்நீர் வைத்து, மேல் துடைத்து, புரட்டிப் படுக்கவைப்பேன். பழைய சேலையைக் கிழித்துக் கிழித்து எனக்கு மாற்றுச்சேலையே இல்லாமல் போயிற்று. கைப்பிள்ளை ஒரு பக்கம் அழும். இம்புட்டுக்கும் நடுவில் “சின்னவளே, சின்னவளே.” தெருக்காரிகள் சும்மா இருப்பார்களா?

“ஏ பெரியவளே, அள்ளுறது நீ, பேரு வாங்குறது அவளாக்கும்?”

“ஒம் மாமியா ஒடம்புதான் இங்கன கெடக்கு. உசுரு விருதுநகர்ல சோறு திங்குது.”

நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளே தீப்பெட்டி மருந்து உரசின மாதிரி இருந்தது.

ஓரகத்தி மாதத்தில் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை வருவாள். தலைநிறையப் பூ, கையில் சாத்துக்குடி. ஆடியில் இருக்கன்குடிக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்து அத்தை நெற்றியில் திருநீறு பூசுவாள். அந்த நாலு வருசமும் நான் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை, நேரம் ஏது? அவளைப் பார்த்ததும் அத்தை “சின்னவளே” என்பாள், அவள் “நான்தான் அத்தை, வந்துட்டேன்” என்று ஓ என்று அழுவாள். பிறகு என்னிடம் வந்து, “யக்கா, என்னையவே நெனச்சுக்கிட்டு இருக்காக யக்கா” என்பாள். ஆறுதலாகச் சொல்கிறாளாம்.

இரண்டாம் வருசம் ஒரு மத்தியானம். இதை எழுதத்தான் ரெண்டு நாள் பென்சிலை வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். முற்றத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து கூப்பாடு வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. திரும்பவும் வந்தது.

“சின்னவ இங்கன இல்ல. விருதுநகர்ல இருக்கா. ஞாயித்துக்கெழம வருவா. அதுவரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே கெட” என்று கத்தினேன்.

கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். என் பேரைச் சொன்னால் வருகிறேன், சொல்லட்டும் என்று வைராக்கியமாக உட்கார்ந்து ஒட்டினேன். எடுத்த தாள் அம்புட்டும் தீர்ந்த பிறகுதான் உள்ளே போனேன். கட்டில் காலில் செவ்வெறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. காலையில் சிந்தின சர்க்கரைக் கஞ்சிக்கு வந்தது, இடுப்பில் இருந்த படுக்கைப்புண்ணைக் கண்டுகொண்டது. நல்ல கையால் எட்டின மட்டும் தட்டித் தட்டி ஓய்ந்துபோய்க் கிடந்தாள். என்னைப் பார்த்துச் “சின்னவளே” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

தெருக் கடைசியில் ஒரு நர்ஸம்மா குடியிருந்தது. வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிறது. வேலை முடிந்து போகிறபோது வந்து புண்ணுக்கு மருந்து வைத்துவிட்டுப் போகும். அன்றைக்குச் சாயங்காலம் தடிப்பைப் பார்த்துவிட்டு, “எப்படி இம்புட்டு நேரம் கடிக்க விட்டீங்க? கூப்பிடலையா?” என்று கேட்டது.

“கூப்பிட்டா. என்னைய இல்ல.”

அந்த அம்மா தண்ணீர்ச் செம்பை எடுத்து அத்தை முன்னால் காட்டி, “இது என்னம்மா?” என்றது.

“சின்னவளே.”

வாசலில் நின்ற கோழியைக் காட்டியது. “சின்னவளே.” வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரரைக் காட்டி, “இது யாரு?” என்றது. பெற்ற மகனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் “சின்னவளே” என்றாள். அவர் சிரித்துவிட்டார், அப்புறம் வெளியே போய்விட்டார்.

“மத்த வார்த்தையெல்லாம் போயிருச்சும்மா. இது ஒன்னுதான் தங்கியிருக்கு. எல்லாத்தையும் இதை வச்சுத்தான் சொல்ல வேண்டியிருக்கு” என்றது நர்ஸம்மா.

அதைக் கேட்டு என் மனசு ஆறியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது வேறு. அன்றைக்குக் காலையில் நான் தண்ணீருக்குப் போகாமல் வீட்டில் இருந்திருந்தால், அந்த வாயில் என்னைக் கூப்பிட்ட சொல்லல்லவா தங்கியிருக்கும்? ஒரு குடம் தண்ணீரில் போயிற்றே என்று கிணற்றின் மேல்கூட எனக்குக் கோபம்.

மறுநாள் எறும்பு ஏறாதபடி நாலு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றி, கட்டில் கால்களை அதில் வைத்தேன். காதையும் தீட்டி வைத்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் எனக்குப் பிடிபட்டது. வெட்டின மாதிரிச் சொன்னால் தண்ணீர். இழுத்துச் சொன்னால் வலி. அடுத்தடுத்து ரெண்டு தடவை சொன்னால் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். கீழ்க்குரலில், கண்ணைப் பார்க்காமல் சொன்னால் துணி நனைந்துவிட்டது. அவள் வாய் திறந்து முடிக்கும் முன் “இந்தா வந்துட்டேன்” என்று நிற்பேன். அந்தச் சொல் என் பேராகிவிட்டது. யாராவது தெருவில் தங்கள் வீட்டுச் சின்னவளைக் கூப்பிட்டால்கூட நான் திரும்பிப் பார்ப்பேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓரகத்தி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அத்தை கீழ்க்குரலில் “சின்னவளே” என்றாள். இவள் “இந்தா அத்தை” என்று ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்துவந்தாள். அத்தை உதட்டை இறுக்கிக்கொண்டாள். சாத்துக்குடி உரித்து நீட்டினாள், அதற்கும் வாய் திறக்கவில்லை. அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என் பேரைக் கூப்பிட்டதற்கு இவள் எதற்கு எழுந்திருக்கிறாள் என்று இருந்தது. மூன்றாம் தடவை சொல்லும்போது அத்தை கண் இவளைத் தாண்டி வந்து என்னிடம் நின்றது. போனேன். துணியை மாற்றினேன்.

“தண்ணி கேட்டாகன்னுல்ல நெனச்சேன் யக்கா” என்றாள்.

“இல்ல” என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. நர்ஸம்மா சொன்னதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த நாலு விதத்தையும் அவளும் கற்றுக்கொண்டிருப்பாள். படித்தவள்தானே, ஒரு மணி நேரம் போதும். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். கொடுக்க மனசில்லை.

அத்தை போனது பங்குனியில், காலை நேரம். வாய் துடைத்துவிட்டு ஒரு கரண்டி கஞ்சி கொடுத்தேன், இறங்கிற்று. இரண்டாவது கரண்டியைக் கொண்டுபோகும்போது நல்ல கையால் தடுத்தாள்.

“சின்னவளே” என்றாள்.

தண்ணீர் இல்லை. வலி இல்லை. புரட்டச் சொல்லவும் இல்லை, துணியும் இல்லை. நாலு வருசத்தில் நான் கேட்டிராத மாதிரி, நிதானமாக, ஆளைக் கூப்பிடுகிற மாதிரியே சொன்னாள். “என்ன அத்தை, இந்தா இருக்கேன்” என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே கண் நின்றுவிட்டது.

என் முகத்தைத்தான் பார்த்தாள். பார்க்க அங்கே வேறு முகம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கிய ஓரகத்தி, தெருமுனையிலேயே மாரில் அடித்துக்கொண்டாள். “சின்னவளேன்னு என்னையக் கூப்பிட்டீகளே, நான் இல்லாமப் போனேனே!” வந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அத்தையின் கால் விரலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கோழியையும் செம்பையும் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் கடைசியாகச் சொன்ன அந்த ஒன்று நான் கற்றுவைத்திருந்த நாலில் எதிலும் சேரவில்லை. அது மட்டும் நிஜமாகவே அவளைக் கூப்பிட்டதாக இருந்துவிட்டால்? அந்தப் பயத்தில் அறுபது வருசம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் கதை சொல்லும்போதெல்லாம் பாக்கு வெட்டுகிறேன்.

எழுதி முடித்துவிட்டேன். பேத்தி, இங்கன வந்து உட்காரு. கண்ணாடி போட்டும் என் எழுத்து எனக்கே பிடிபடவில்லை, நீ வாசித்துக்காட்டு. சத்தத்தைக் குறைத்து வாசி, அவள் அடுத்த அறையில்தான் படுத்திருக்கிறாள். பிழை இருந்தால் சிரிக்காதே, திருத்தவும் வேண்டாம். அத்தை கடைசியாகக் கூப்பிட்ட இடம் வரும்போது நிறுத்து. அவளையும் எழுப்பிக் கூட்டிவந்து மிச்சத்தைச் சேர்ந்து கேட்பதா, வேண்டாமா என்று அப்போது சொல்கிறேன்.