நடேசு பத்தர் வாசலில் நின்று சொன்ன பிழை

போன செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றபோது முத்தம்மாவின் அழைப்பு வந்தது. "ரீச்சரம்மா, பத்தர் ஐயா போயிட்டாருங்க" என்றார். "எந்தப் பத்தர்?" என்று கேட்டேன். கேட்டிருக்கத் தேவையில்லை. எங்கள் இருவருக்கும் தெரிந்த பத்தர் ஒருவர்தான். முத்தம்மா யாரென்று பிறகு சொல்கிறேன். அவரை எனக்கு அறிமுகம் செய்ததும் பத்தர்தான், அதுவும் ஒரு பிழையால்.

பரந்தனில் நடேசு பத்தரிடம் வெள்ளி நகை செய்வித்த எல்லோருக்கும் அவருடைய சட்டம் தெரியும். பழைய நகையைக் கொடுத்துவிட்டு நம் பாட்டில் போய்விட முடியாது. உருக்கும் நாளில் வீட்டிலிருந்து ஒருவர் வந்து எதிர்க் கதிரையில் இருக்க வேண்டும். "இது ஆற்றை நகை? எப்பிடி உங்களிட்டை வந்தது?" என்று கேட்பார். நாம் சொல்லி முடித்த பிறகுதான் நெருப்பை மூட்டுவார். ஒரு நாளைக்கு ஒரு வீட்டு வெள்ளிதான். அவசரப்படுத்தினால், "கடையளிலை செய்து வைச்சிருக்கிறாங்கள், அதை வாங்குங்கோ" என்பார். மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்றுதான் நான் நினைத்தேன்.

என் அம்மா மரியம்மாவின் கொலுசு ஒன்று என்னிடம் இருந்தது. சோடியில் மற்றது இடப்பெயர்வில் எங்கே விழுந்ததென்று தெரியாது. அம்மாவின் படம்கூட எங்களிடம் இல்லை, அந்தக் கொலுசு மட்டும்தான். அதை உருக்கிப் பேத்தியின் ஞானஸ்நானத்துக்குக் காப்புச் செய்விக்க ஆசைப்பட்டு, எங்கள் ஊரான கொக்கிளாயிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு பள்ளிக்கூடத்தில் பரீட்சை தொடங்கிவிட்டது. "ஒருக்கா வந்திட்டுப் போங்கோ ரீச்சர்" என்று பத்தர் மூன்று தரம் கூப்பிட்டார். "ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். எனக்கு நேரமில்லை, நீங்களே உருக்குங்கோ!" என்று தொலைபேசியில் சத்தம் போட்டேன். வேறு வழியில்லாமல் சம்மதித்தார்.

வெள்ளிக்கிழமை மருமகன் போய்க் காப்பை வாங்கி வந்தான். நல்ல வடிவான காப்பு. அடுத்த நாள் பின்னேரம் பத்தரே பஸ் மாறி பஸ் ஏறி எங்கள் வாசலில் வந்து நின்றார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"பிழை விட்டிட்டன் ரீச்சர். அண்டைக்கு ரெண்டு வீட்டு வெள்ளி உருக்கினனான். ஆற வைச்ச கட்டியள் மாறிப்போச்சு. மிச்சத் துண்டுகளை நிறுக்கேக்கைதான் பிடிபட்டது. இந்தக் காப்பிலை இருக்கிறது உங்கடை அம்மான்ரை வெள்ளி இல்லை."

அம்மாவின் கொலுசு இப்போது யாரோ ஒரு குழந்தையின் இடுப்பில் அரைஞாணாகக் கிடந்தது.

எனக்கு வந்த கோபத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. அயலட்டத்துச் சனம் கேட்க அவரைக் கள்ளன் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் போகாததால் வந்த வினை என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. என் மகள்தான், "சொல்லாமல் விட்டிருந்தால் ஆருக்குத் தெரியப்போகுது, ஐயா?" என்று கேட்டாள். "பிள்ளை வளந்து கேக்கேக்கை, இது உன்ரை பூட்டின்ரை வெள்ளி எண்டு ரீச்சர் சொல்லுவா. அது பொய்யாய்ப் போயிடும் பிள்ளை" என்றார்.

பேத்தியின் ஞானஸ்நானம் வெறுங்கையோடு நடந்தது. திங்கட்கிழமை பத்தரையும் இழுத்துக்கொண்டு அம்மாவின் வெள்ளியை மீட்கப் போனேன். அதுதான் முத்தம்மாவின் வீடு. மலையகத்திலிருந்து வந்து பரந்தனுக்கு அப்பால் வயல் செய்யும் குடும்பம். அவருடைய மாமியார் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தபோது காலில் கிடந்த தண்டைதான் என் பேத்தியின் காப்பாகியிருந்தது.

பத்தர் அங்கேயும் அதே வார்த்தைகளைச் சொன்னார். முத்தம்மா பேரனின் இடுப்பில் கையை வைத்து, "அவுத்துத் தரட்டுங்களா?" என்றார். நான் வாய் திறக்குமுன், "உங்கம்மா பேரு என்னங்க?" என்று கேட்டார். சொன்னேன். "மரியம்மா பாட்டி குடுத்ததுடா இது" என்று குழந்தையிடம் சொன்னார். அதற்குப் பிறகு எப்படித் திருப்பிக் கேட்பது? நானும் அவருடைய மாமியாரின் பெயரைக் கேட்டேன். ராக்காயி. என் பேத்தி இன்று அந்தப் பெயரைச் சொல்லித்தான் எல்லோருக்கும் காப்பைக் காட்டுகிறாள்.

அதன் பிறகு பத்தரிடம் எத்தனையோ தரம் போயிருக்கிறேன், தேத்தண்ணி குடித்திருக்கிறேன். கள்ளன் என்றதற்கு மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் எழவில்லை. அடுத்த முறை கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அவர் ஒருநாளும் முகம் கோணியதில்லை.

செத்தவீட்டு வாசலில் அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கடை வெள்ளி மாறினதை நினைச்சு நினைச்சுக் கவலைப்பட்டவர் ரீச்சர். எல்லாம் தன்ரை கவலையீனம், தான் கவனிக்காமல் விட்டது எண்டுதான் எங்களுக்குச் சொன்னவர்."

சுற்றிவர ஆட்கள் இருந்தார்கள். தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"இல்லையக்கா" என்றேன். "வரச்சொல்லி மூண்டு தரம் கூப்பிட்டவர். நான்தான் போகேல்லை. அவசரப்படுத்தினதும் நான்தான். அப்பிடிப்பட்ட மனுசனைக் கள்ளன் எண்டதும் நான்தான்."

காப்பு பேத்தியுடையது. எனக்கென்று அவர் விட்டுப்போனது, செய்த பிழையை உரியவர் வாசலில் போய் நின்று சொல்லும் பழக்கம். அவர் இருந்தபோது எனக்கு அது வரவில்லை. அவர் இல்லாத அவருடைய வாசலில்தான் தொடங்கினேன்.