நாலு வாய்ப் பிரியாணி

வாழைத்தார் ஏலம் விட்டுக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனேன். அதுதான் முதல் அறிகுறி. உத்தமபாளையத்தில் எங்கள் மண்டியில் விலை கூவிக்கொண்டிருந்தவன், நின்றபடியே குறட்டை விட்டேன். வியாபாரிகள் யாரும் எழுப்பவில்லை. விலை ஏறாமல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மதுரையில் டாக்டரிடம் காட்டினோம். ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது), சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று வரிசையாகச் சொன்னார். "பட்டினி கிடந்து குறைக்கிற எடை இல்ல இது. இரைப்பையைச் சின்னதாக்கணும். இப்படியே விட்டா ஒருநாள் நின்ன மூச்சு திரும்பி வராது" என்றார். என் மனைவி ஜைத்தூன் அழுதாள். நான் கேட்டது ஒன்றுதான்: "பிரியாணி சாப்பிடலாமா?"

"சாப்பிடலாம். நாலு வாய்."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன்.

என் கவலைக்குக் காரணம் உண்டு. எங்கள் சொந்தத்தில் கல்யாணப் பந்திக்கு நான்தான் தராசு. மூன்றாம் தடவை கேட்டு வாங்கினால் சமையல் அருமை. இரண்டோடு நிறுத்தினால், எங்கோ உப்பு கூடிவிட்டது என்று பேச்சு கிளம்பும்.

ஆபரேஷனை லேப்ராஸ்கோப்பி முறையில் (வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளைகள் வழியே) செய்தார்கள். இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டியெடுத்து மிச்சத்தைக் குழாய்போலத் தைத்துவிட்டார்கள். வாழைப்பழ அளவு இருக்கும் என்றார் டாக்டர். என்ன ரகம் என்று கேட்டேன். நேந்திரன் என்றால் ஒரு வாய் கூடக் கொள்ளுமல்லவா?

உங்களுக்கும் நாள் குறித்திருந்தால் ஒன்று சொல்கிறேன். வலிகூடப் பெரிதில்லை, வடிகட்டிய சூப்பைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும் வாரங்கள்தான் கொடுமை. ஜைத்தூன் நெஞ்செலும்பு சூப்பை வடித்து எனக்குக் கொடுத்துவிட்டு, எலும்பை என் கண்ணெதிரே உறிஞ்சுவாள். "வீணாப் போகக்கூடாதுல்ல" என்பாள்.

ஊருக்குப் பித்தப்பைக் கல் என்று சொல்லிவைத்தோம். தின்று கொழுத்துவிட்டு அதற்கும் ஒரு ஆபரேஷனா என்று சிரிப்பார்களே! சில மாதங்களில் என் சட்டைக்குள் என்னையே தேட வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கம்பத்தில் என் தங்கச்சி மும்தாஜின் மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டாரோடு என்னையும் பந்தியில் உட்காரவைத்தார்கள். நன்றாக மென்று நாலு வாய் விழுங்கினேன். நெஞ்சுக்குக் கீழே கதவைச் சாத்தியதுபோல் நின்றுவிட்டது. கையை எடுத்துக்கொண்டேன்.

பக்கத்திலிருந்த மாப்பிள்ளையின் பெரியத்தா (பெரியப்பா) என் தட்டைப் பார்த்தார். பிறகு தன் கறித்துண்டை மோந்து பார்த்தார். "பொண்ணோட மாமாவே வேணாமுன்னுட்டாக" என்று வரிசையில் பேச்சு ஓடியது. ஒவ்வொரு கையாக நின்றது.

தங்கச்சி வீட்டுக்காரர் சிக்கந்தர் வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். "மச்சான், கறியில என்ன கொற? இப்பவே சொல்லிருங்க."

"ஒரு கொறையும் இல்ல மாப்ளே."

"அப்பச் சாப்பிடுங்க. சம்பந்திக பாக்குறாக."

கதவோரம் மும்தாஜ் கண் கலங்க நின்றிருந்தாள். "அண்ணே, எம்மக வாழப்போற எடம்ணே. எனக்காக இன்னும் ஒரு தட்டு."

தின்னாவிட்டால் கறி கெட்டுப்போனது என்பார்கள். தின்றால் அங்கேயே வாந்தி எடுப்பேன். அப்புறம் யாருக்கும் சந்தேகமே இருக்காது. எப்படிப் பார்த்தாலும் தங்கச்சியின் மானம் போகும். எழுந்து சட்டையைத் தூக்கினேன்.

"பித்தப்பையும் இல்ல, கல்லும் இல்ல. ஒடம்பக் கொறைக்க இரைப்பைய வெட்டிப்புட்டாக. இந்தா பாருங்க, ஓட்டை போட்ட தழும்பு. உள்ள எடம் இல்லாமத்தான் நிறுத்துனேன். பிரியாணி மேல பழி போடாதீக!"

பந்தி முழுக்க என் தொப்புளைப் பார்த்தது. பெரியத்தா கிட்டே வந்து, ஒவ்வொரு தழும்பையும் விரலால் தொட்டார். அவரும் ஏறக்குறைய என் பழைய உருவம்தான்.

"வலிக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பொறுத்துக்கலாம்."

"டாக்டரு எந்த ஊரு?"

மதுரை என்றதும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். "போறதுக்கு முன்னாடி இன்னொரு தட்டு வைங்கப்பா" என்றார். சிரிப்பு அடங்குவதற்குள் எல்லாக் கைகளும் தட்டுக்குத் திரும்பிவிட்டன.

கடைசிப் பந்தியும் எழுந்தபிறகு, மும்தாஜ் எனக்கொன்றும் தனக்கொன்றுமாக இரண்டு தட்டோடு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "ஏதாச்சும் ஒண்ணு ஆகியிருந்தா? எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?" என்று திட்டித் தீர்த்தாள். ஒரு வாய் எடுத்துக்கொண்டேன். புதினா தனியாகத் தெரிந்தது, நெய் தனியாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் தட்டுத் தட்டாகத் தின்றும் இதன் ருசி எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவள் கல்யாணமாகிப் போனபின் நாங்கள் இப்படி உட்கார்ந்து பேசியதே இல்லை. முன்பெல்லாம் அவள் வந்து உட்காருவதற்குள் நான் கை கழுவியிருப்பேன். இப்போது மகளைப் பிரிவதைச் சொன்னாள், தன் முட்டிவலியைச் சொன்னாள். பேசிக்கொண்டே தன் தட்டை முடித்துவிட்டு என் தட்டிலிருந்தும் எடுத்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"இன்னும் ஒரு வாய் எறங்குமாண்ணே?"

"பொறு. உள்ள எடம் காலியாகட்டும்."

"ஆகட்டும். எனக்கென்ன அவசரம்" என்று காலை நீட்டிக்கொண்டாள்.