ஈயின் தலையில் முளைத்த கால்

எண்பதுகளின் நடுவில் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பித்தேன். ஆய்வகம் பெருக்க வைத்திக்குப்பத்திலிருந்து வரும் செல்விக்கு ஒருநாள், தலையில் கால் முளைத்த பழ ஈயை நுண்ணோக்கியில் காட்டினேன்.

"ஒரு புரதம் டிஎன்ஏவைப் பிடிச்சுக்கிட்டு, எங்க எது வளரணும்னு சொல்லுது. அது தப்பான இடத்துல வேலை செஞ்சா இப்படித்தான்" என்றேன்.

"அப்ப எம் பொண்ணுக்குக் கை வர வைக்கலாமா சார்?"

அவள் மகள் இடது கையில்லாமல் பிறந்தவள். பேசிய உற்சாகத்தில், "வைக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் மகளுக்குப் புதுப் பாவாடை கட்டிக் கூட்டிவந்தாள். முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று.

"அப்ப நேத்து ஏன் சார் சொன்னீங்க?" என்று அந்தச் சிறுமிதான் கேட்டாள்.

செல்வி வேலையை விடவில்லை. ஆனால் என்னிடம் எதையும் கேட்பதை விட்டுவிட்டாள்.