கவிழ்த்துப் பிடித்த கேமரா

குற்றாலத்தில் பெண்கள் குளித்து நனைந்து கரையேறும்போது, பேச்சிராஜ் கேமராவை மூடிக்கொண்டு திரும்பி நிற்பார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அருவிக்கரையில் படமெடுப்பதைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது. பக்கவாதம் வந்து வலது கைவிரல்கள் மடங்காமல் போனதும், தங்கை சங்கரேஸ்வரிதான் புதுக் கேமரா வாங்கத் தென்காசிக்குக் கூட்டிப்போனாள்.

எந்தக் கேமராவுக்கும் பொத்தான் வலது பக்கமே இருந்தது. திரையைத் தொட்டாலே படம் விழுகிற ஒன்றை வாங்கினார்கள். சாரல் ஊர் என்பது இருவருக்கும் மறந்துபோயிற்று. மறுநாள் திரையில் துளி விழ விழ, கேமரா தானாகவே படமெடுத்துத் தள்ளியது.

"ஏட்டி, சாரலும் தொழிலுக்கு வந்துட்டு," என்று சிரித்தவர், தொடுதிரையை நிறுத்திவிட்டுக் கேமராவை இடது கையில் கவிழ்த்துப் பிடித்தார். பொத்தான் கட்டைவிரலுக்கு வந்துவிட்டது. அருவிக்கரைக் கோயில் பக்கம் திரும்பிச் சங்கரேஸ்வரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அண்ணாச்சி, தலைகீழால்லா புடிச்சிருக்கீக?" என்றார் படமெடுத்துக்கொள்ள வந்த ஒருவர்.

"நீங்க நேரா நில்லுங்க, போதும்."

எடுத்த படத்தைத் திருப்பிக்கொண்டால் ஆயிற்று. அந்த சீசன் முழுக்கத் தங்கை கூடவே இருந்தாள். கடைசியாகச் செங்கோட்டை பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டபோது அவர் சொன்னார்: "இனி நான் பாத்துக்கிடுதேன். அடுத்த தடவ சும்மா குளிக்க வாட்டீ. உன்ன ஒரு படங்கூட எடுக்கலயே நான்."